பொங்கல் கிழங்கு சிவராத்திரி வரை தாங்குமா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டம், செம்மண் பூமி. போன வருஷம் முக்கால் ஏக்கரில் சிவப்புத் தோல் நாட்டுச் சர்க்கரைவள்ளி போட்டோம். மழை விட்ட ஈரத்தோடு, பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் தோண்டினோம். மண்டியில் சரக்கு குவிந்துவிட்டதால் பாதி விலைக்குத்தான் கேட்டார்கள். 40 மூட்டையை நிறுத்தி, மண் போகக் கழுவி, ஒரு பகல் வெயிலில் காயவைத்து, சாக்கில் கட்டி ஷீட் போட்ட அறையில் அடுக்கினோம். பத்தே நாளில் கள்ளு வாடை. பிரித்துப் பார்த்தால் பாதி கூழ். நன்றாக இருந்ததை அவித்தால் சிலது ஒரே கசப்பு. இந்த வருஷம் ஒரு ஏக்கர் போட எண்ணம். சிவராத்திரி வரை வைத்து விற்க வழி உண்டா? உருளைக்கிழங்கு வைக்கிற குளிர்பதனக் கிடங்கில் வைக்கலாமா? ஆரஞ்சு, ஊதா ரகம் போட்டால் விலை போகுமா? அழுகிய கிழங்கை மாட்டுக்குப் போடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. அழுகிய, பூசணம் பூத்த சர்க்கரைவள்ளியை மாட்டுக்குப் போடவே கூடாது. பூசணமோ வண்டோ தாக்கும்போது கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளச் சில கசப்புப் பொருள்களைச் சுரக்கிறது. சிலவகைப் பூசணங்கள் அவற்றை இப்போமியனால் என்ற நஞ்சாக மாற்றிவிடும். அது மாட்டின் நுரையீரலைத் தாக்கும். மாடு கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். ஓரிரு நாளில் செத்தும் போகலாம். மாற்று மருந்து கிடையாது. வேகவைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றும் நம்பாதீர்கள். குழி வெட்டி ஆழப் புதைத்துவிடுங்கள். பச்சைக் கொடியும், பூச்சி விழாத பொடிக்கிழங்கும் மாட்டுக்கு அருமையான தீவனம்; அவற்றைத் தாராளமாகப் போடலாம்.

இனி உங்கள் 40 மூட்டைக்கு வருவோம். அந்தக் கிழங்கு தோண்டிய அன்றே பாதி கெட்டுவிட்டது. அறைக்குள் போனபின் அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். நீங்கள் எழுதியதில் இரண்டு நோய் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் வைத்தியம் தப்பிவிடும்.

கள்ளு வாடையோடு கூழானது ரைசோபஸ் என்ற பூசணத்தின் வேலை. பழைய ரொட்டியில் பூக்குமே, அந்த இனம்தான். சாக்கைப் பிரித்தபோது கிழங்கின் மேல் நரைத்த மீசை போல இழைகளும், அவற்றின் நுனியில் குண்டூசித் தலையளவு கறுப்புப் புள்ளிகளும் இருந்திருக்கும். இந்தப் பூசணத்தால் முழுத்தோலைத் துளைத்து உள்ளே போக முடியாது. மண்வெட்டி பட்ட வெட்டு, கொடியிலிருந்து ஒடித்த காம்பு, வால் ஒடிந்த இடம், மூட்டையைத் தூக்கிப் போட்டபோது உரிந்த தோல், இவைதான் அதற்கு வாசல். புதிதாகத் தோண்டிய கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், வெந்த பாசிப்பருப்புத் தோல் போலக் கழன்று வரும். அந்த நிலையில் கழுவினால் தேய்ப்பு அத்தனையும் புண். புண்ணில் ஈரம் ஏறி, சாக்குக்குள் காற்றும் இல்லாமல், ஷீட்டுக்கு அடியில் வெப்பமும் சேர்ந்தால் பத்து நாள் என்பதே அதிகம்.

வெயிலில் காயவைத்ததும் தவறுதான். தோண்டிய கிழங்கு கடும் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் தோல் வெந்து, அந்த இடம் பின்னால் கறுத்து அழுகும். மழை ஈரத்தில் தோண்டியதற்கும் பங்கு உண்டு. பாரைச் சுற்றி, அதாவது கிழங்கு நட்ட மண் கரையைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நின்றால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே மூச்சு முட்டிப்போகும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், வெட்டினால் புளித்த வாடை வரும். அப்படிப்பட்ட வயலின் கிழங்கை எந்த முறையாலும் வைத்துக் காக்க முடியாது. தோண்டியவுடன் விற்றுவிட வேண்டும்.

கசப்பு வேறு கதை. அது கூன்வண்டு. எறும்பு போல மெலிந்த உடம்பு, நீலக்கறுப்பு இறக்கை, நடுவில் செங்கல் நிறக் கழுத்து, நீண்டு வளைந்த மூக்கு. கிழங்கின் தலைப்பக்கம் ஊசி குத்தினாற்போல் சிறு துளைகள் தெரியும். வெட்டினால் உள்ளே கறுத்த சுரங்கம், அதில் ஈரப்பொடி. புழு ஓர் ஓரத்தை மட்டும் தின்றிருந்தாலும், முன்னே சொன்ன கசப்புப் பொருள்கள் சுற்றிலும் பரவிவிடும். அதனால்தான் சொத்தையைச் செதுக்கிவிட்டு அவித்தாலும் வாயில் வைக்க முடிவதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: இந்த வண்டு முட்டையிலிருந்து அடுத்த வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும். ஒரு கூடை பூச்சிக்கிழங்கு குவியலுக்குள் போனால், நீங்கள் சிவராத்திரிக்குப் பிரிக்கும்போது அடுத்த தலைமுறை தயாராக இருக்கும்.

வண்டை வயலில்தான் நிறுத்த வேண்டும். ஆழமாக மண்ணைத் தோண்டி இறங்க அதற்குத் தெரியாது. பார் வெடித்த இடத்தில், வெளியே தெரியும் கிழங்கின் தோளில் முட்டை வைக்கும். நட்ட 30ஆம் நாளிலும் 60ஆம் நாளிலும் மண் அணைத்து, வெடிப்பு விழாமல் தண்ணீர் கட்டினால் பாதி வேலை முடிந்தது. 100 சதுர மீட்டருக்கு ஓர் இனக்கவர்ச்சிப் பொறி (பெண் வண்டின் வாடையைக் காட்டி ஆணை இழுக்கும் பொறி) வீதம் ஏக்கருக்கு 40 பொறி வையுங்கள். பொறியில் விழுவது ஆண் வண்டு மட்டும். அதனால் நட்டதிலிருந்து அறுவடை வரை விடாமல் இருந்தால்தான் பலன். போன வருஷம் கிழங்கு போட்ட அதே முக்கால் ஏக்கரில் இந்த வருஷம் போடாதீர்கள். அங்கே மிச்சம் கிடக்கும் கொடி, வேர், பொடிக்கிழங்கு எல்லாவற்றையும் பொறுக்கி அழித்துவிடுங்கள். முதிர்ந்த பயிரை விலைக்காக மண்ணிலேயே விட்டு வைப்பதும் ஆபத்து. முதிர்ச்சியைத் தாண்டிய ஒவ்வொரு வாரமும் வண்டுக்கு விருந்து.

தோண்டும் முறைக்கு வருகிறேன். முதிர்ச்சி பார்க்க இரண்டு மூன்று இடத்தில் கிழங்கெடுத்துக் குறுக்கே வெட்டி வையுங்கள். வெட்டுவாய் வெளிறிக் காய்ந்தால் பதம்; பச்சைக் கறுப்பாக மாறினால் இன்னும் நாள் வேண்டும். பதம் வந்தபின், தோண்டுவதற்கு ஒரு வாரம் முன்பே கொடியை அறுத்து எடுத்துவிடுங்கள். மேலே இலை இல்லாவிட்டால் கிழங்கு வளர்ச்சியை நிறுத்தித் தோலை இறுக்கும். தோல் உரிவதைக் குறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது. மண் இறுகியிருந்தால் இரண்டு மூன்று நாள் முன்பு லேசாகத் தண்ணீர் விடலாம், சேறாகும் அளவுக்கு வேண்டாம். பாரின் நெற்றியில் வெட்டாமல் பக்கவாட்டில் இறக்கிப் புரட்டச் சொல்லுங்கள். கிழங்கைச் சாக்கில் போடாமல் கிரேட்டில் அடுக்குங்கள். எறிய வேண்டாம், வைக்கச் சொல்லுங்கள். வேலையாட்களுக்கு இது முதல் நாள் எரிச்சலாக இருக்கும். பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள்.

வயலிலேயே மூன்றாகப் பிரித்துவிடுங்கள். வெட்டுப்பட்டதும் ஒடிந்ததும் அன்றே விற்பனைக்கு. துளை விழுந்தது தனியாக, வெளியே. முழுசாக, புண் குறைவாக இருப்பது மட்டும் சேமிப்புக்கு. தண்ணீரே காட்டக் கூடாது. ஒட்டியிருக்கும் மண் காய்ந்து தானே உதிரும். மண்டிக்காரர் கழுவிய கிழங்கு கேட்டால், ஏற்றுவதற்கு முதல்நாள் மாலை கழுவி, நிழலில் ஈரம் போக ஆறவைத்து அனுப்புங்கள்.

அடுத்து வருவதுதான் நம் ஊரில் பெரும்பாலும் யாரும் செய்யாத வேலை: புண் ஆற்றுதல். 29 முதல் 32 டிகிரி வெப்பமும், 85 முதல் 90 சதவீதம் காற்றின் ஈரப்பதமும் கிடைத்தால், நாலு முதல் ஏழு நாளில் கிழங்கு தன் காயங்களின் மேல் தக்கை போன்ற புதுத் தோலை வளர்த்துக்கொள்ளும். அதன்பின் ரைசோபஸுக்கு வாசல் இல்லை. வெப்பம் நம்மிடம் உண்டு, ஈரக்காற்றைத்தான் நாம் உண்டாக்க வேண்டும். கீற்றுப் பந்தலின் கீழே ஒரு சாண் வைக்கோல் பரப்பி, கிழங்கை முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் குவியுங்கள். மேலேயும் வைக்கோல் மூடுங்கள். சுற்றித் தரையிலும், பந்தலின் ஓரத்தில் தொங்கவிட்ட சாக்கிலும் தண்ணீர் தெளியுங்கள், கிழங்கின் மேல் ஒரு சொட்டும் வேண்டாம். ஜனவரி இரவில் உங்கள் பக்கம் 20 டிகிரி அளவுக்கு இறங்கும். அதற்கு மூங்கில் வளைத்து அதன் மேல் தார்ப்பாய் போடுங்கள். கிழங்கே மூச்சு விட்டு வெப்பம் தரும், அது உள்ளேயே நிற்கும். தார்ப்பாய் குவியலைத் தொட்டால் விடியற்காலையில் வியர்த்துச் சொட்டும், ஆகவே இடைவெளி வேண்டும். காலையில் ஒரு மணி நேரம் திறந்து காற்று விடுங்கள். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கிக் குவியலுக்குள் வையுங்கள். குளிர் அதிகமானால் ஒரு வாரம் பத்து நாளாகும்.

முடிந்ததா என்று பார்க்க, காம்பு ஒடிந்த இடத்தைத் தொடுங்கள். காய்ந்து, நகத்தால் கீறினால் பொருக்குப் போல இருக்க வேண்டும். கட்டைவிரலால் தேய்த்தால் தோல் கழலக் கூடாது. அங்கங்கே முளை கண் திறக்க ஆரம்பித்தால் அதற்கு மேல் ஒரு நாளும் வைக்க வேண்டாம். இந்த வேலையில் நூறு கிலோவுக்கு நாலைந்து கிலோ எடை குறையும். அது கூழாகிப் போகும் பாதி மூட்டையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

ஆறிய கிழங்கைச் சேமிக்க, காற்றோட்டமுள்ள ஓட்டு வீடோ கீற்றுக் கொட்டகையோ போதும். ஷீட் அறை வேண்டாம். தரையில் காய்ந்த மணல் நாலு விரல் கனம் பரப்பி, கிழங்குகள் ஒன்றையொன்று அழுத்தாமல் ஓர் அடுக்கு வைத்து மணல் மூடி, இப்படி நாலைந்து அடுக்கு வரை போகலாம். மேல் அடுக்கில் மணலோடு விறகுச் சாம்பல் கலந்து தூவினால் வண்டு உள்ளே இறங்கத் தயங்கும். மணல் ஈரமாயிருந்தால் முளைத்துவிடும். வாரம் ஒருமுறை மோந்து பாருங்கள். வாடை வரும் இடத்தை மட்டும் கிளறி எடுங்கள். முழுக்கவும் புரட்டினால் புதுப்புண் உண்டாகும். முளைத்த கிழங்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. உருளைக்கிழங்கு மாதிரி இதில் முளை நஞ்சாவதில்லை, கிள்ளிவிட்டு வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்தால் நம் சமவெளி வெப்பத்தில் நாலு வாரம் நம்பிக்கையாக நிற்கும், ஆறு வாரம் ஓரளவு நட்டத்தோடு நிற்கும். அதற்கு மேல் முளைத்து, சுருங்கி, உள்ளே நார் விட்டுப் பஞ்சாகும். அமெரிக்காவில் பல மாதம் வைக்கிறார்களே என்றால், அங்கே புண் ஆற்றியபின் 13 முதல் 15 டிகிரியில், ஈரப்பதம் குறையாத தனிக் கிடங்கில் வைக்கிறார்கள். உருளைக்கிழங்குக் கிடங்கு அப்படிப்பட்டதில்லை. அங்கே 2 முதல் 4 டிகிரி இருக்கும். சர்க்கரைவள்ளி வெப்பமண்டலப் பயிர், 12 டிகிரிக்குக் கீழே அதற்குக் குளிர்க்காயம் உண்டாகும். கிடங்கிலிருந்து எடுக்கும்போது பளிச்சென்றிருக்கும். வெளியே வைத்த சில நாளில் பள்ளம் விழுந்து அழுகும். அழுகாததை அவித்தால் சுற்றிலும் வெந்து நடுவில் கட்டையாக, எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகாமல் நிற்கும். வாடகையும் போய், வாங்கினவரும் திட்டுவார். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கும் இதே பேச்சுதான்.

ஆகவே சிவராத்திரிச் சந்தைக்கு என் யோசனை, சேமிப்பை நம்புவதைவிட நடவைப் பிரியுங்கள். சர்க்கரைவள்ளிக்கு நம் பக்கம் பொங்கல் படையலும் பொங்கல் குழம்பும் பெரிய சந்தை. ஆனால் எல்லோரும் அந்த வாரத்தையே குறிவைத்துத் தோண்டுவதால்தான் விலை சரிகிறது. மார்கழித் திருவாதிரையை ஒட்டிக் கேரளத்தில் கிழங்குகளுக்குத் தேவை கூடும். அது பொங்கலுக்கு முன்னால் வருவதால் அந்தப் பக்கம் அனுப்பும் வியாபாரியிடம் இப்போதே பேசி வையுங்கள். சிவராத்திரிக்கு ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், மகாராஷ்டிரத்தில் விரத உணவாக அவித்த சர்க்கரைவள்ளி ஓடும். சென்னையில் வடநாட்டுக் குடும்பங்கள் வாழும் பகுதிகளிலும் அந்த வாரத்தில் கேட்பார்கள். ஆனால் பொங்கலுக்கும் சிவராத்திரிக்கும் இடைவெளி ஒவ்வொரு வருஷமும் மாறும். 2026இல் சிவராத்திரி பிப்ரவரி 15, ஒரு மாதம்தான். நல்ல சேமிப்பு தாங்கும். 2027இல் மார்ச் 6, ஐம்பது நாள். நம் கொட்டகைக்கு அது அதிகம். நாள்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் நடவு நாளைக் குறிக்க வேண்டும்.

108 நாள் பயிர் என்று கணக்கு வைத்தால், செப்டம்பர் 22 வாக்கில் நட்டது ஜனவரி 8 வாக்கில் வரும். நவம்பர் 8 வாக்கில் நட்டது பிப்ரவரி 24 வாக்கில் வரும். ஓர் ஏக்கரை இப்படி இரண்டாகப் பிரித்தால் 2027 சிவராத்திரிக்குப் புதுக்கிழங்கே கையில் இருக்கும், பத்து நாள் புண் ஆற்றவும் நேரம் உண்டு. இடைஞ்சலும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் நடவு வடகிழக்குப் பருவமழைக்குள் விழும். உயரமான பாரும், வெளியே போகும் வடிகாலும் இல்லாத துண்டில் இதைச் செய்யாதீர்கள். முதல் துண்டின் வண்டு இரண்டாவதுக்குத் தாவும் என்பதால் இரண்டும் அடுத்தடுத்து இருக்கக் கூடாது.

நிறுத்தி வைப்பதா விற்பதா என்று தடுமாறும்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். இன்று கிலோ 15 ரூபாய் என்றால் நூறு கிலோ 1500. ஒரு மாதத்தில் எடையிலும் அழுகலிலும் 20 கிலோ போனால் மிச்சம் 80 கிலோ. கிலோ 18 ரூபாய் 75 காசு கிடைத்தால்தான் அதே 1500. கூலியும் மணலும் சேர்த்தால் 21, 22 ரூபாயாவது வேண்டும். அந்த விலைக்கு வியாபாரி வாய்ச்சொல்லாவது கொடுக்காவிட்டால் நிறுத்த வேண்டாம். நிறுத்தினாலும் எல்லாவற்றையும் நிறுத்தாமல், கையில் அடங்கும் 150 முதல் 350 கிராம் கிழங்கை மட்டும் நிறுத்துங்கள். அரைக் கிலோவுக்கு மேற்பட்ட குண்டுக்கிழங்கை வீட்டுக்கு வாங்குபவர் தொடமாட்டார். உணவகத்துக்கும் சிப்ஸ் போடுபவருக்கும் உடனே தள்ளிவிடுங்கள்.

ரகம் பற்றி. மண்டியில் இன்றும் ஓடுவது சிவப்புத் தோல், வெளிறிய சதை, அவித்தால் மாவாக உதிர்வது. உங்கள் நாட்டு ரகத்தை விட வேண்டியதில்லை. அதே சாயலில் சீக்கிரம் வரும் ரகம் வேண்டுமானால் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்ரீ அருண் இருக்கிறது: இளஞ்சிவப்புத் தோல், பாலேட்டு நிறச் சதை, 90 முதல் 100 நாள். ஆரஞ்சுக்கு பூ சோனா என்ற ரகம்: நூறு கிராமில் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் சத்து. ஊதாவுக்கு பூ கிருஷ்ணா என்ற ரகம்: நூறு கிராமில் 90 மில்லிகிராம் ஆந்தோசயனின் என்ற ஊதா நிறப்பொருள். ஆரஞ்சுக் கிழங்கின் சத்து பெரிய விஷயம்தான். ஆப்பிரிக்காவில் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைபாட்டுக்கு எதிராக அதைப் பரப்பியவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். ஆனால் ஆரஞ்சு ரகங்கள் பலவும் அவித்தால் மாவாகாமல் குழையும், கேரட் வாடை இருக்கும். மண்டியில் ஏலம் விட்டால் முகம் சுளிப்பார்கள். இயற்கை அங்காடி, பேரங்காடி, குழந்தை உணவு மாவு செய்பவர் என்று முன்கூட்டியே ஆள் பிடித்தபின் போடுங்கள். முதல் வருஷம் பத்து சென்ட், ஆரஞ்சும் ஊதாவும் சேர்த்து. அதற்கு மேல் வேண்டாம்.

விற்கும்போது ஒன்றைத் தைரியமாகச் சொல்லலாம்: புண் ஆற்றி இரண்டு மூன்று வாரம் வைத்த கிழங்கு, அன்று தோண்டியதைவிட இனிப்பாக இருக்கும். வைத்திருக்கையில் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாகிறது. சமைக்கும்போதும் இது நடக்கும், அதனால்தான் சாம்பல் தணலில் மெதுவாகச் சுட்ட கிழங்குக்கு அந்த ருசி. குக்கரில் சட்டென்று வேகவைத்தால் அந்த அளவு இனிப்பு வராது.

கொடி விஷயம் கடைசியாக. போன வருஷக் கொடியின் அடிப்பகுதியை எக்காரணம் கொண்டும் நடாதீர்கள், வண்டின் முட்டை அங்கேதான் இருக்கும். நுனியிலிருந்து ஒரு சாணுக்குக் குறையாமல் நறுக்கி, இலையோடு கட்டி, இரண்டு நாள் நிழலில் வைத்தால் கணுவில் வேர் முனை தட்டும், பிறகு நடுங்கள். பாருக்குப் பார் 60 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 33,000 துண்டு வேண்டும். பாதி ஏக்கராகப் பிரித்து நடுவதால் செப்டம்பருக்கு 16,500 போதும். நவம்பர் நடவுக்கு வேண்டியதை விளைச்சல் பாரிலிருந்து அறுக்காமல், ஓரமாக இரண்டு மூன்று சென்டில் கொடிக்கென்றே தனியாக வளர்த்து, நட்ட 45ஆம் நாளில் நுனி வெட்டிக்கொள்ளுங்கள்.